ஒத்திக்குப் போன நிழல்

"கெணத்த ஒத்தி வெச்சவன் தாகத்துல மீட்பான், நிழல ஒத்தி வெச்சவன்…" என்று தாய்மாமன் சங்கரலிங்கம் ஏதோ ஒரு கல்யாண வீட்டில் சொன்னது தில்லைநாயகத்துக்கு நினைவிருந்தது. ஆனால் நிழலை ஒத்தி வைத்தவன் என்ன ஆவான் என்பது மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. உலகத்தில் எவனும் நிழலை ஒத்தி வைக்கப் போவதில்லை என்பதால் அன்றைக்கு அவன் மறுபடி கேட்கவுமில்லை, அப்புறம் மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒத்தி என்றால் செம்பாறையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்: ஒரு தொகையை மொத்தமாகக் கைநீட்டி வாங்கிக்கொண்டு வீட்டையோ வயலையோ அனுபவிக்கக் கொடுத்துவிடுவது, வாடகையும் கிடையாது, வட்டியும் கிடையாது, என்றைக்கு அந்தத் தொகையைத் திருப்பிக் கொடுக்கிறோமோ அன்றைக்குப் பொருள் திரும்பி வரும், அப்படித் திருப்ப முடியாமல் போனவர்களின் கையிலிருந்துதான் அந்த ஊரின் பாதித் தெருக்கள் இன்னொருவர் கைக்குப் போயின.

தில்லைநாயகம் ஹாலந்தில் ஒரு துறைமுக ஊரில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, அங்கே செய்துகொண்ட கல்யாணமும் அங்கேயே முறிந்துபோய், ஐம்பதை எட்டிப்பார்க்கிற வயதில் செம்பாறைக்குத் திரும்பியவன். அப்பா விட்டுப்போன மனையில் கீழொன்று மேலொன்றாக ஒரு வீட்டைக் கட்டி, புருஷனை இழந்த அக்கா செண்பகவல்லியைக் கூட வைத்துக்கொண்டான். வீடு நல்ல வீடுதான், கல் பதித்த தரை, கண்ணாடி ஜன்னல், ஆனால் செம்பாறை வெயிலில் அதன் கூரை பதினொரு மணிக்கே தோசைக்கல்லாகிவிடும். அதனால் செண்பகவல்லி சோற்றை வடித்து வைத்துவிட்டு, கையில் ஒரு கோரைப்பாயும் ஆய வேண்டிய கீரையுமாகத் தெருக்கோடியில் இருந்த நகராட்சிப் பூங்காவுக்குப் போய், அங்கிருந்த புங்கமரத்தடியில் ஒரு முழங்காலைக் குத்தவைத்து உட்கார்ந்தாளானால், வெயில் தாழ்ந்த பிறகுதான் எழுந்து வருவாள். கரண்ட்டு பில்லை நினைத்து அவள் அப்படிச் செய்வதாகத் தம்பி நினைத்தான். அவளோ, "ஏசியில இருந்தா நான் மட்டும்தான இருக்கேன். மரத்தடியில இருந்தா நாலு பேரு இருக்காங்க," என்றாள்.

அந்தப் பூங்காவுக்குத்தான் அந்த வருஷம் ஆபத்து வந்தது. இனிமேல் ஒவ்வொரு பூங்காவும் தன் செலவுக்குத் தானே வரவு காட்ட வேண்டும், காட்டாத பூங்கா வணிக வளாகமாக மாற்றப்படும் என்று நகராட்சி அறிவித்தது. தெருக்காரர்கள் கூடி ஒரு கமிட்டி போட்டார்கள். ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர் ஆவுடையப்பன் தலைவரானார்; வெளிநாட்டில் இருந்து வந்தவன் என்கிற ஒரே தகுதியில் தில்லைநாயகம் செயலாளரானான்.

"ஒங்க ஊர்ல பார்க்குக்கெல்லாம் துட்டு எங்கருந்து வருது தம்பி, அதச் சொல்லுங்க மொதல்ல," என்றார் ஆவுடையப்பன்.

"எல்லாரும் வரி கட்டுவாங்க சார். அதுல இருந்துதான்."

அவன் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டது போல எல்லோரும் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார்கள். பிறகு யாரோ தொண்டையைச் செருமி, உபயம் வாங்கலாம் என்றார்கள், ஊர் மூச்சு விட்டது.

உபயம் வந்து குவிந்தது. பெஞ்சு கொடுத்தவர்கள் முதுகு சாய்கிற இடம் முழுக்கத் தங்கள் பெயரையும் தகப்பனார் பெயரையும் எழுதி, எழுத்து அழிந்துவிடும் என்று யாரையும் சாய விடாமல் காவல் இருந்தார்கள். குழல்விளக்கு கொடுத்தவர்கள் விளக்கின் மேலேயே 'உபயம்' என்று தொடங்கிக் குடும்பம் மொத்தத்தையும் எழுதியதில் பெயர் தெரிந்ததே தவிர வெளிச்சம் வரவில்லை. நுழைவுக் கட்டணம் வைத்தார்கள், ஜனம் கம்பி வேலியில் ஒரு வழி செய்துகொண்டது. பிரஷர் குக்கருக்குக் குலுக்கல் நடத்தினார்கள், குக்கர் ஆவுடையப்பனின் மச்சினிக்கே விழுந்ததில் ஒரு சண்டையும் நடந்தது. வரவு என்று காட்ட ஒன்றும் மிஞ்சவில்லை.

இந்த நிலைமையில்தான் செண்பகவல்லியின் கூழ்வற்றல் காயாமல் போனது.

முதல் நாள் மாலையில் அவள் புங்கமரத்தடியிலிருந்து எப்போதும் போலப் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்திருந்தாள், பாய் கொஞ்சம் கனக்கிறதே என்று நினைத்தாளாம், வயசாகிறது என்றும் நினைத்தாளாம். மறுநாள் காலையில் மொட்டைமாடியில் அந்தப் பாயை விரித்து, மேலே பழைய வேட்டியைப் போட்டு, வற்றல் பிழிந்துவிட்டு இறங்கினாள். அன்றைக்குக் காக்கை பறக்கப் பயந்த வெயில். சாயங்காலம் ஏறிப் பார்த்தால் வற்றல் பிழிந்த ஈரம் அப்படியே இருந்தது. அண்ணாந்து பார்த்தால் மேலே வானம் தவிர ஒன்றுமில்லை. குனிந்து பார்த்தால் மாடி முழுக்கப் புங்கமர நிழல் கிளையும் கொப்புமாக விழுந்து கிடந்தது, இல்லாத காற்றில் இலைநிழல்கள் அசைந்தன, கால் வைத்தால் சிலுசிலுவென்றிருந்தது.

"ஏ தில்லை, மேல வா. புங்கமரத்து நிழலு நம்ம வீட்டுக்கு வந்துட்டுடா. அரிசிமாவு பூரா பாழு. கொண்டுபோயி அதும் எடத்துல விட்டுட்டு வா."

தில்லைநாயகம் படியேறி வந்து பார்த்தவன், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அக்கா அவன் கையில் பாயைச் சுருட்டிக் கொடுத்து, வரும்போது கால் கிலோ ஜவ்வரிசி வாங்கி வரச் சொன்னாள். அவன் பாயைச் சுமந்துகொண்டு பூங்காவுக்குப் போய், நாள் முழுக்க நிழலில்லாமல் கூசி நின்ற புங்கமரத்தடியில் விரித்தான்; நிழல் பாயிலிருந்து வழுக்கி மண்ணில் இறங்கி, கன்று தாயிடம் போவது போல மரத்தின் தூரில் போய் ஒட்டிக்கொண்டது.  ஜவ்வரிசி வாங்க மறந்து போனான், அதற்குத் தனியாகத் திட்டு வாங்கினான்.

அவனுக்கு அதிர்ச்சி அதோடு தீரவில்லை. நிழலைப் பாயில் சுருட்டலாம் என்கிற சேதி தெருவில் பரவிய அன்றைக்கு ஒருத்தர்கூட எப்படி என்று கேட்கவில்லை. ஒரு நாளைக்கு எவ்வளவு வாங்கலாம் என்றுதான் கமிட்டியில் கேட்டார்கள். எதிர்த்தவர் ஒரே ஒருத்தர், பந்தல் காண்ட்ராக்டர் சீனி முகமது. சாமியானாவும் தகரமும் போட்டு மூன்று தலைமுறையாகப் பிழைத்தவர், என் வயிற்றில் அடிக்கிறீர்களே என்று பூங்கா வாசலில் நின்று சத்தம் போட்டார். மறுவாரமே ஆவுடையப்பனோடு டீ குடித்துவிட்டு, நிழலை ஏற்றி இறக்கும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார். அதிலிருந்து நிழல் புக் பண்ணுவது காஸ் சிலிண்டர் புக் பண்ணுவது மாதிரி ஆகிப்போனது.

சீனி முகமதுதான் நிழலின் குணங்களைக் கண்டுபிடித்து ஊருக்குச் சொன்னவர். உச்சிப்பொழுதில் சுருட்டினால் நிழல் சின்னதாக, ஆனால் அடர்த்தியாக வரும், சமையல்காரர்களுக்கும் ஐஸ்பெட்டிக்கும் அதுதான் லாயக்கு. சாயங்காலம் சுருட்டினால் நீளமாக, மெல்லிசாக வரும், பந்திக்கு அது போதும். வேப்ப நிழல் அம்மை கண்ட வீட்டுக்கு, நாவல் நிழல் பிள்ளைகள் விளையாட, வாகை நிழல் பெரிய இடத்துக் கல்யாணத்துக்கு. எங்கே விரித்தாலும் விளக்கு வைப்பதற்குள் சுருட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது இருட்டோடு கலந்து போய், விடிந்த பிறகு எது யார் நிழல் என்று பிரித்தெடுக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மரியாதை இருந்தது, பாய்க்கு உள்ள அதே மரியாதை: ஆள் உட்கார்ந்திருக்கும்போது நிழலைச் சுருட்டக் கூடாது. "எந்திரிங்க, சுருட்டணும்," என்று சொல்லி, எல்லோரும் எழுந்து தள்ளி நின்ற பிறகுதான் அவருடைய ஆட்கள் ஓரத்தைத் தூக்குவார்கள்.

கல்யாணத்துக்குப் போன நிழல் மல்லிகையும் சாம்பாரும் மணக்கத் திரும்பி வந்தது. சாவு விழுந்த துட்டி வீட்டுக்குப் போன நிழல் ஐஸ் மாதிரி ஜில்லிட்டுத் திரும்பி வந்தது, அதில் போய் உட்கார்ந்தவர்களுக்குக் காரணமில்லாமல் அழுகை வந்தது. துட்டி வீட்டு நிழலைக் கல்யாண வீட்டுக்கு விடலாமா என்று ஒரு வாரம் பேச்சு நடந்து, மஞ்சள் தண்ணீர் தெளித்தால் போதும் என்று முடிவானது. மேலத்தெருக்காரர் ஒருவர் தன் மகள் வளைகாப்புக்கு வாகை நிழலைக் கேட்டுவிட்டு, சீனி முகமதை ஓரமாகக் கூப்பிட்டு, "அண்ணே, இது இதுக்கு முன்னால எந்தெந்தத் தெரு வாசல்ல கெடந்துச்சு?" என்று மெதுவாக விசாரித்தார்.

"காலையில ஒங்க தல மேல அடிச்ச வெயிலு, அது எந்தெந்தத் தெருவுக்குப் போயிட்டு வந்துச்சுன்னு கேட்டேளா?" என்றார் சீனி முகமது. கேட்டவர் வளைகாப்பைத் தகரப் பந்தலில் நடத்தினார், கர்ப்பிணி உட்பட எல்லோருக்கும் வேர்க்குரு வந்தது.

வரவு வந்தது. நகராட்சியிலிருந்து ஆட்கள் வந்து பார்த்து, திருப்தி என்று தலையாட்டி, போகும்போது ஆளுக்கொரு முழம் நாவல் நிழலை ஜீப்பில் போட்டுக்கொண்டு போனார்கள். பூங்கா பிழைத்தது என்றுதான் தில்லைநாயகமும் நினைத்தான். பகலில் நிழல்கள் வெளியே போனாலும் புங்க நிழலை மட்டும் அக்காவுக்காக விட்டுவைப்பார்கள்.

சித்திரை பிறந்ததும் பஜார் முக்கு ஜவுளிக்கடை முதலாளி தனுஷ்கோடி கமிட்டியைத் தேடி வந்தார். கடைக்கு முன்னால் கார் நிறுத்த ஒரு மைதானம் போட்டிருந்தார். அதில் ஒரு செடிகூடக் கிடையாது. வாடிக்கையாளர்கள் பட்டெடுத்துவிட்டு வந்து கார்க் கதவைத் தொட்டதும் கை பொத்துப்போய்த் திட்டுகிறார்கள் என்றார். அன்றாட வாடகையெல்லாம் தனக்குச் சரிப்படாது, பூங்காவின் அத்தனை நிழலையும் மொத்தமாக ஒத்திக்குக் கொடுத்துவிடுங்கள், தொகை இவ்வளவு என்று சொன்னார். சொன்ன தொகையைக் கேட்டு ஆவுடையப்பன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு செயற்கை நீரூற்று, கோட்டை மாதிரி கேட், நடைபாதைக்குக் கிரானைட். வரவுக்கு வரவு, அழகுக்கு அழகு," என்றார்.

தில்லைநாயகத்துக்கு மாமாவின் பழமொழி நினைவுக்கு வந்தது. தெரிந்த பாதியைச் சொல்லி, மீதி யாருக்காவது தெரியுமா என்று கேட்டான். ஆளாளுக்கு முடித்து வைத்தார்கள். நிழலை ஒத்தி வைத்தவன் நீரூற்றில் குளிப்பான் என்றார் ஒருவர். நிம்மதியாய்த் தூங்குவான் என்றார் இன்னொருவர். ஆவுடையப்பன், "பழமொழியெல்லாம் வரவுல வராது தம்பி, கையெழுத்துப் போடுங்க," என்றார். வேறு யோசனை இருக்கிறதா என்று அவனைப் பார்த்தார்கள். அவனிடம் வரி என்கிற ஒரே யோசனைதான் இருந்தது. போட்டான்.

நிழலை ஒப்படைக்கக் குறித்தது ஒரு வியாழக்கிழமை. ஜவுளிக்கடை லாரி வருவதற்குள் உச்சி தாண்டிவிட்டது. ஒன்றரைக்கு ராகு காலம் பிறக்கிறது, அதற்குள் நிழல் பூங்கா எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும் என்று தனுஷ்கோடி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எல்லா மரத்தடியிலும் ஆள் இருந்தது. வேம்பின் கீழே மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுக்கிற ராஜபாண்டி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். நாவலின் கீழே கொய்யாக்காரி முத்துக்கிளி தராசைத் தூக்கிப் பிடித்து யாருக்கோ நிறுத்துக்கொண்டிருந்தாள். வாகையின் கீழே காலேஜ் ஜோடி ஒன்று முகத்தோடு முகம் வைத்துப் பேசிக்கொண்டிருந்தது. எழுப்பி, விளக்கி, தள்ளி நிற்க வைக்க நேரமில்லை. சீனி முகமது கூடாது என்றார், ராகு காலம் என்றதும் அவரும் ஒதுங்கிக்கொண்டார். மேஜை மேலிருக்கும் சாமான் சாயாமல் விரிப்பை உருவுகிற மாதிரி ஆட்களுக்கு அடியிலிருந்து நிழலை உருவினார்கள்.

"ஏலே, எந்திரிக்க விடுங்கலே," என்றாள் புங்கமரத்தடியில் செண்பகவல்லி, மடியில் முருங்கைக்கீரையோடு.

"நேரமில்ல மதினி. அப்படியே அசையாம இரிங்க, உருவிக்கிடுதோம்."

ஒன்றரைக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது லாரி வாசலைத் தாண்டியது. எல்லோரும் கை தட்டினார்கள்.

பிறகு நீரூற்று வந்தது, சிமெண்டு அன்னப்பறவை வந்தது, கேட் வந்தது, கேட்டுக்கு ஒரு பூட்டும் வந்தது. மரங்கள் காலண்டரில் அச்சடித்த மரங்கள் மாதிரி நின்றன; வெயில் அவற்றை அங்கே இல்லாதது போல ஊடுருவி மண்ணில் விழுந்தது. கிரானைட்டில் வெறுங்காலை வைத்தவர்கள் துள்ளினார்கள். குருவிகள் ஒரு நாள் முழுக்கக் கிளை மாறிக் கிளை உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்குக் குடிபோயின. நிழல் போன பிறகு பூங்காவுக்கு வந்த ஒரே ஆள் செண்பகவல்லிதான். தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, பாயை விரித்து, அதே இடத்தில், அதே மாதிரி முழங்காலைக் குத்தவைத்து உட்காருவாள்.

"இங்க என்னக்கா இருக்கு இப்போ?"

"எனக்கென்ன தெரியும். எந்திரிச்சு வீட்டுக்கு வந்தா எதையோ வெச்சிட்டு வந்த மாதிரியே இருக்கு."

அவள் இளைத்துக்கொண்டே போனாள். சாயங்காலமானால் உடம்பு வலி என்றாள். எப்படி வலிக்கிறது என்று டாக்டர் கேட்டதற்கு, வண்டி ஏறி இறங்கின மாதிரி என்றாள்; டாக்டர் சிரித்து, சுண்ணாம்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வலி அதிகமாக இருந்தது. முகூர்த்த நாட்களில் அவளால் எழுந்திருக்கவே முடியவில்லை. மீட்டர் ராஜபாண்டிக்கும் நெஞ்சில் பாரம் என்று படுக்கையில் கிடப்பதாகச் சொன்னார்கள். முத்துக்கிளிக்குத் தூக்கிய வலது கை இறங்கவில்லையாம். இந்த வருஷம் வெயில் ஒரு மாதிரி என்று ஊர் சொல்லிக்கொண்டது.

ஆடித் தள்ளுபடியின் முதல் ஞாயிற்றுக்கிழமை, செண்பகவல்லி புங்கமரத்தடியிலேயே சரிந்து விழுந்தாள். தில்லைநாயகம் அவளை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டான். பஜார் முக்கில் தள்ளுபடிக் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது, ஆட்டோ நகரவில்லை.

"சார், அக்காவுக்கு வெயில் ஆகாது, அந்த நிழல்ல ரெண்டு நிமிசம் ஒதுங்கிக்கிடுவோம்," என்று டிரைவர் வண்டியை ஜவுளிக்கடை மைதானத்துக்குள் விட்டான். செக்யூரிட்டி விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தான். டிரைவர் பின்னால் கையைக் காட்டினான், செக்யூரிட்டி உள்ளே பார்த்துவிட்டு விசிலை இறக்கினான்.

ஒப்பந்தம் ஆன நாளிலிருந்து தில்லைநாயகம் அந்தப் பக்கம் வந்ததில்லை. மைதானம் முழுக்க, மரமே இல்லாமல், மரங்கள் விழுந்து கிடந்தன. வாகை, வேம்பு, நாவல். ஆட்டோ நின்ற இடத்தில் புங்கமரம், இலையிலையாக அசைந்துகொண்டு, அவன் மாடியில் பார்த்த அதே நிழல். அவன் அதைப் பார்த்தபடி இறங்கினான். இலைநிழல்களுக்கு நடுவில் இலை அல்லாத ஒன்று அசைந்தது. ஒரு பெண்பிள்ளையின் நிழல், தரையில் உட்கார்ந்து, ஒரு முழங்காலைக் குத்தவைத்து, மடியிலிருந்து ஒரு கொத்தை எடுத்து, உருவி, காம்பைப் போட்டு, அடுத்த கொத்தை எடுத்து.

அவன் அந்தக் கையை அறிவான். அவனுக்குச் சோறு பிசைந்து ஊட்டிய கை.

ஒரு வெள்ளை வேன், பின்னால் கை காட்டுகிறவன் வா வா என்று சொல்லச் சொல்ல, பின்னோக்கி வந்து அந்த நிழலின் இடுப்பின் மேல் ஏறி நின்றது. ஆட்டோவுக்குள் செண்பகவல்லி "எம்மா" என்று முனகினாள். அவன் திரும்பினான். அக்காவின் ஒரு கை ஆட்டோவுக்கு வெளியே, நிழல் எட்டாத வெயிலில் தொங்கிக்கொண்டிருந்தது. வெயில் அந்தக் கையைத் தாண்டி நேராகத் தரையில் விழுந்தது. கைக்குக் கீழே ஒன்றுமில்லை. ஒரே வீட்டில், ஒரே விளக்கடியில், சித்திரையிலிருந்து ஆடிவரை அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான், அவள் பின்னால் சுவர் வெறுமையாக இருந்ததை அவன் ஒரு நாளும் கவனித்ததில்லை.

 வேன் டிரைவரின் கதவை அடித்தான், அடித்துக்கொண்டே இருந்தான். வேன் நகர்ந்தது. அவன் போய் அக்காவின் நிழலுக்குப் பக்கத்தில், கார் நிற்க வேண்டிய கட்டத்துக்கு நடுவில், தரையில் உட்கார்ந்துகொண்டான். உட்கார்ந்த பிறகுதான் மற்றவை கண்ணில் பட்டன. வேப்ப நிழலில் வாய் திறந்து தூங்குகிற ராஜபாண்டியின் நிழல், நெஞ்சின் மேல் ஒரு சிவப்புக் கார். நாவல் நிழலில் முத்துக்கிளி, தராசைத் தூக்கியபடி. வாகை நிழலில் அந்த ஜோடி, நடுவில் ஒரு சக்கரம்.

தனுஷ்கோடி தானே இறங்கி வந்தார். அக்காவுக்கு இளநீர் வரவழைத்தார், ஒரு நாற்காலி போடச் சொன்னார், கெட்ட மனுஷன் என்று அவரை யாரும் சொல்ல முடியாது.

"இதெல்லாம் நான் வாங்கும்போதே அதுக்குள்ள இருந்துச்சு சார். ஒத்திக்கு வந்த வீட்டுச் செவத்துல பழைய காலண்டர் இருக்கும்லா, அந்த மாதிரின்னு விட்டுட்டேன்."

"அது எங்க அக்கா."

"இப்பத்தான தெரியுது." அவர் குனிந்து நிழலை உற்றுப் பார்த்தார், துணியைப் பார்க்கிற கண். "கட்டிங் மாஸ்டர வரச் சொல்லுதேன். ஒரு நூலு பிசகாம, ஒங்க அக்காவ மட்டும் அளவா வெட்டித் தந்திருதேன். தொகையெல்லாம் ஒண்ணும் வேண்டாம். மத்தவங்க காதுக்கு மட்டும் இது போகாண்டாம், ஆடி முடியட்டும். முழுசாத்தான் வேணும்னா தொகையத் திருப்புங்க, இல்ல அதுக்குச் சமமா எதையாச்சும் குடுங்க. குடோனுக்கு எடமில்லாம நானே அல்லாடிக்கிட்டுக் கெடக்கேன்."

கட்டிங் மாஸ்டர் கழுத்தில் டேப்போடு, கையில் கத்திரியோடு வந்து நின்றார். செண்பகவல்லி இளநீரைப் பாதி குடித்துவிட்டு, ஆட்டோவிலிருந்து தலையை நீட்டித் தன் நிழலை முதன்முதலாகப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இன்னமுமாடி அந்தக் கீரைய ஆஞ்சு முடிக்கல," என்று அதனிடம் சொன்னாள். பிறகு கத்திரியைப் பார்த்தாள். "வெட்டாதீங்கய்யா. வெட்டுனா ஓரம் பிரிஞ்சு பிரிஞ்சு வரும். அப்புறம் யாரு தைக்க?"

"அக்கா, நீ பொழைக்கணும்."

"அந்த முத்துக்கிளியப் பாரு. சித்திரையில தூக்குன தராசு. கை வலிக்காதா அவளுக்கு?"

ஆவுடையப்பனும் சீனி முகமதும் சேதி கேட்டு வந்து சேர்ந்தார்கள். சீனி முகமது ஒவ்வொரு நிழலாகப் போய்ப் பார்த்து, ராஜபாண்டியின் நெஞ்சின் மேலிருந்த சிவப்புக் காரை நாலு பேரைக் கூட்டித் தூக்கி நகர்த்த வைத்தார், பிறகு தலைத்துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். "எந்திரிங்கன்னு ஒரு வார்த்தை," என்றார், "ஒரே ஒரு வார்த்தை."

ஆவுடையப்பன் தில்லைநாயகத்துக்குப் பக்கத்தில் குந்தினார். "துட்டு நீரூத்துல ஓடுது தம்பி. வித்தவன் அன்னப்பறவையத் திருப்பி எடுத்துக்கிடுவானா? அப்படியே நிழல மீட்டாலும், மறுமாசம் வரவு எங்கன்னு நகராட்சிக்காரன் கேட்பான், காட்டலேன்னா கடை கட்டிருவான். நான் என்ன செய்ய, சொல்லுங்க."

 ஒரு கார் வந்து தில்லைநாயகத்தின் முன்னால் ஹாரன் அடித்தது, அவன் எழுந்திருக்கவில்லை, அது வேறு இடம் தேடிப் போனது. அவன் அங்கே உட்கார்ந்திருந்த வரை நிழல் மேல் எதுவும் ஏறவில்லை, அக்காவின் முனகல் நின்றிருந்தது, ஆஸ்பத்திரி வேண்டாம் என்றுவிட்டாள். வெயில் தாழத் தாழக் கூட்டம் குறைந்தது. விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கடை ஆட்கள் நிழலைச் சுருட்ட வந்தார்கள். வந்தவர்கள் அவனைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, "எந்திரிங்க சார், சுருட்டணும்," என்றார்கள். அவன் எழுந்து தள்ளி நின்றான். அக்காவின் நிழல் கீரையோடு, காம்புகளோடு, இலைகளோடு சேர்ந்து சுருண்டது.

"அக்கா, சங்கரலிங்க மாமா ஒரு பழமொழி சொல்லுவார்லா. நிழல ஒத்தி வெச்சவன் என்ன ஆவான்?"

"அவரு எதத்தாண்டா முழுசாச் சொன்னாரு. வாயில எப்பவும் வெத்தல. பாதி சொல்லிட்டுத் துப்பப் போயிருவாரு."

மறுநாள் காலை பத்திர ஆபீஸ் திறந்ததும், தில்லைநாயகம் நிழல்கள் அத்தனையையும் மீட்க, அவற்றுக்கு ஈடாகத் தன் வீட்டின் கீழ்ப்பாகத்தை ஜவுளிக்கடை குடோனுக்கு ஒத்திக்கு எழுதிக் கொடுத்தான், மேல்பாகத்தை வாடகைக்கு விட்டு வரும் வரவைப் பூங்காவின் பெயருக்கு எழுதி வைத்தான், தனக்கும் அக்காவுக்கும் பூங்காவுக்கு எதிர்த்த வரிசையில் ஓர் ஓட்டு வீட்டை வாடகைக்குப் பேசி முடித்தான்.